காளானும் கம்பனியும்

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன ஆண்டில் இன்னார் இன்ன மருந்தைக் கண்டார் என்ற பட்டியலையே பாடநூல்கள் நமக்குத் தருகின்றன. அம்மருந்து எந்த மலைச்சாரலில் முளைத்தது, அதன் குணத்தை முதலில் அறிந்த மக்கள் யாவர், அவ்வறிவைக் கொடுத்தமைக்கு அவர்கள் பெற்ற கைம்மாறு யாது என்ற கேள்விகளுக்கு அப்பட்டியலில் இடமில்லை. வரலாற்றைச் சமுதாய நோக்கிற் காண விரும்பும் நாம் இக்கேள்விகளையே முதலிற் கேட்கவேண்டியவர்களாக இருக்கின்றோம்.

மூலிகையும் மந்திரமும் கலந்த பழங்குடி மருத்துவத்தைப் பற்றி இன்று இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. அது வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் ஒருசாரார். நவீன விஞ்ஞானம் இழந்துவிட்ட பேரின்ப ஞானம் அதுவே என்று போற்றுவோர் மறுசாரார். ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரு கருத்துகளுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. அம்மருத்துவத்தை உருவாக்கிய மக்களின் வாழ்க்கையை இரண்டுமே கணக்கில் எடுப்பதில்லை. மெக்சிக்கோ நாட்டு மசத்தெக் மக்களின் காளான் மருத்துவத்துக்கு நேர்ந்த கதியை ஆராய்வோமாயின் இவ்வுண்மை தெளிவாகும்.

மெக்சிக்கோவின் தென்பகுதியில் வஹாக்கா மாநிலத்தின் வடக்கே உயர்ந்து நிற்கும் மலைத்தொடர் மசத்தெக் மக்களின் தாயகமாகும். சோளமும் அவரையும் பயிரிட்டு வாழ்ந்த இம்மக்களிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கை புகுந்தது. மலையின் நடுவே வாவுத்லா என்னும் ஊர் உள்ளது. மழைக்காலத்தில் அம்மலைச் சரிவுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் சிறு காளான்கள் சில முளைக்கின்றன. உண்டோரின் புலனுணர்வை மாற்றிக் காட்சிகளைத் தோற்றுவிக்கும் தன்மை அவற்றுக்கு உண்டு. மசத்தெக் மக்கள் அவற்றை மரியாதையோடு 'சின்னஞ்சிறு முளைகள்' என்றும், ஸ்பானிய மொழியிற் 'புனிதக் குழந்தைகள்' என்றும் குறிப்பிடுவர்.

இக்காளானைக் கொண்டு வைத்தியஞ் செய்வோரை மேல்நாட்டு ஆசிரியர்கள் 'ஷாமன்' என்பர். அச்சொல் சைபீரியாவின் துங்கூசிய மொழியிலிருந்து வந்தது. மசத்தெக் மக்களோ அவர்களை 'அறிந்தவர்' என்ற பொருள்படும் சொல்லாலேயே அழைத்தனர். மந்திரவாதி வேறு, அறிந்தவர் வேறு என்ற வேறுபாடு அவர்களிடம் தெளிவாக இருந்தது.

ஒருவன் நோயுற்று, கைமருந்துகளாற் குணமாகாவிடின், அவன் குடும்பத்தார் அறிந்தவரை நாடுவர். சிகிச்சை இரவிலேயே நடைபெறும். வீட்டில் வழிபாட்டுப் பீடத்தின் முன் மெழுகுதிரி ஏற்றி, கோப்பால் என்னும் பிசினைத் தூபமிட்டு, காளான்களைச் சோடி சோடியாக எண்ணிப் பகிர்ந்து உண்பர். பின்னர் விளக்கு அணைக்கப்படும். இருளில் அறிந்தவர் பாடத் தொடங்குவார். கைதட்டியும் சொற்களை அடுக்கியும் விடியும்வரை நீளும் அப்பாட்டினூடே நோயின் காரணம் தேடப்படும். எங்கே அஞ்சினான், யாருடன் பகைத்தான், எந்த மலையின் காவற்றெய்வத்தைச் சினக்கச் செய்தான் என்றவாறு தேடல் செல்லும். நோய் என்பது உடலொன்றின் பழுது மாத்திரமன்று, மனிதனுக்கும் அவன் சுற்றத்துக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள உறவில் ஏற்பட்ட முறிவு என்பதே இம்முறையின் அடிப்படைக் கருத்தாகும். நோயாளியைச் சுற்றிக் குடும்பம் அமர்ந்திருந்தது. பாடியவரும் அயல்வீட்டவரே. இச்சூழலிலிருந்து காளானைத் தனியே பிரித்துப் பார்ப்பது பிற்காலத்தவரின் செயல்.

1521இல் அஸ்தெக் தலைநகரான தெனொச்தித்லான் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. அதன்பின் வந்த துறவிகள் இக்காளான் வழக்கத்தைக் கண்டு அதிர்ந்தனர். நாவாத்தல் மொழியில் இது 'தெயோனனாக்கட்ல்' எனப்பட்டது. மொத்தொலினியா என்னும் பாதிரியார் அப்பெயருக்குத் தெய்வத்தின் ஊன் என்று பொருள்கூறி, அது கிறிஸ்தவ நற்கருணையைப் போலி செய்யும் பிசாசின் சூழ்ச்சி என்று கருதினார். பெர்நார்தினோ சகாகூன் வணிகரின் விருந்தொன்றில் காளானைத் தேனுடன் உண்டோர் சிலர் ஆடியதையும் சிலர் அழுததையும், மயக்கம் தெளிந்தபின் தாம் கண்டவற்றைத் தம்முட் பேசிக்கொண்டதையும் விரிவாகப் பதிவுசெய்துள்ளார்.

இங்கே குடியேற்ற ஆட்சியின் இரு கைகளையும் நாம் ஒருங்கே காண்கின்றோம். 1552இல் மார்த்தின் தெ லா குருஸ் என்னும் பழங்குடி வைத்தியர் மூலிகை நூலொன்றை ஆக்கித் தந்தார். மற்றொரு பழங்குடி அறிஞரான ஹுவான் பதியானோ அதனை இலத்தீனில் மொழிபெயர்த்தார். 1570 முதல் 1577 வரை மன்னன் இரண்டாம் பிலிப்பின் வைத்தியரான பிரான்சிஸ்கோ ஏர்னாண்டெஸ் நாடெங்கும் அலைந்து ஏறக்குறைய 3,000 தாவரங்களின் விபரங்களைத் திரட்டினார். அறிவை இவ்வாறு ஒருகை வாரிக்கொள்ள, மறுகை அவ்வறிவை உடையோரைத் தண்டித்தது. 1571இல் மெக்சிக்கோவில் மதவிசாரணை மன்றம் நிறுவப்பட்டது. 1620இல் அம்மன்றம் பெயோட்டே என்னும் கள்ளிச்செடியையும் அதுபோன்ற பிற மூலிகைகளையும் குறிசொல்லப் பயன்படுத்துவதைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தது. மூலிகையின் பெயர் அரசனின் ஏட்டில் ஏறியது. மூலிகையை அறிந்தவரின் பெயர் குற்றவாளிகளின் ஏட்டில் ஏறியது.

அடக்குமுறைக்கு உள்ளான மக்கள் தம் வழக்கத்தைக் கைவிடவில்லை. ஒளித்து வைத்தனர். காவற்றெய்வங்களின் அருகே புனித பேதுருவும் கன்னி மரியாளும் இடம்பெற்றனர். சுண்ணாம்பு சேர்த்து அரைத்த புகையிலைக்குப் 'புனித பேதுரு' என்றே பெயர் வந்தது. இவ்வாறு மாற்றான் தெய்வத்தின் நிழலில் தம் மருத்துவத்தை அவர்கள் ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் காத்தனர். எவ்வளவு திறம்படக் காத்தனர் என்பதற்கு ஒரு சான்று போதும். 1915இல் வில்லியம் சாஃபர்ட் என்னும் அமெரிக்கத் தாவரவியலாளர், அத்தகைய காளான் உலகில் இல்லை, ஸ்பானியப் பாதிரிகள் காய்ந்த பெயோட்டேயைக் காளான் என மயங்கினர் என்று துணிந்து எழுதினார். மலையில் மழைதோறும் முளைத்துக்கொண்டிருந்த ஒன்றை வாஷிங்டன் நகரத்து அறிஞர் இல்லையென்று தீர்ப்பளித்துவிட்டார். 1936 முதல் 1939 வரையான ஆண்டுகளில் ரொபேட் வைட்லானர், ரிச்சட் ஈவன்ஸ் ஷுல்ட்ஸ் முதலியோர் வாவுத்லாவிலிருந்து மாதிரிகளைத் திரட்டி வெளியிட்ட பின்னரே கல்வியுலகம் உண்மையை ஒப்புக்கொண்டது.

அக்காலத்தில் வாவுத்லாவில் வாழ்ந்தவர் மரியா சபீனா. 1894இற் பிறந்த அவர் தந்தையைச் சிறுவயதிலேயே இழந்து, தாயுடனும் தங்கையுடனும் பாட்டன் வீட்டில் வளர்ந்தார். பட்டுப்புழு வளர்த்தும் மந்தை மேய்த்தும் கொத்துவேலை செய்தும் வாழ்ந்த ஏழைக் குடும்பம் அது. மேய்ச்சல் வெளியில் பசி பொறுக்கமாட்டாத சிறுமிகள் இருவரும் கைக்கெட்டிய காளான்களைப் பறித்து உண்டனர், பசி மறந்தது. உலகப் புகழ்பெற்ற ஒரு 'ஞானப் பாதை' பசித்த பிள்ளைகளிடமிருந்து தொடங்கியது என்பதை நாம் மறந்துவிடலாகாது. முதற்கணவர் மெக்சிக்கப் புரட்சிக் காலத்திற் படைகளுடன் அலைந்து, சில ஆண்டுகளில் நோயால் மாண்டார். இரண்டாங் கணவர் குடித்துவிட்டு அடித்தார். பிள்ளைகளிற் பலர் தாயின் கண்முன்னே இறந்தனர்.

தங்கை நோய்வாய்ப்பட்டு, பிற வைத்தியர்கள் கைவிட்ட வேளையிலேயே மரியா சபீனா முழுமையாக இம்மருத்துவத்தில் இறங்கினார். அவ்விரவில் தாம் கண்ட காட்சியைப் பின்னர் அவர் விளக்கியுள்ளார். மேசையைச் சூழ்ந்திருந்த பெரியோர் அவர்முன் ஒரு புத்தகத்தை வைத்தனராம். அது வளர்ந்து வளர்ந்து ஓர் ஆளின் உயரத்தை எட்டியதாம். அதை அவர் வாசித்தாராம். மரியா சபீனா எழுத்தறியாதவர். ஸ்பானிய மொழியும் பேசத் தெரியாதவர். பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் தேவாலயமும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்ட நாட்டில், புத்தகம் மறுக்கப்பட்ட பெண்ணின் காட்சியில் அதிகாரம் புத்தக வடிவிலேயே தோன்றியது. ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதனைச் சற்று நின்று சிந்திக்கவேண்டும்.

1955இல் வாவுத்லாவுக்கு கோர்டன் வாசன் வந்தார். அவர் நியூயோர்க்கின் ஜே. பி. மோர்கன் வங்கியின் உபதலைவர். றஷ்யாவிற் பிறந்த மருத்துவரான தம் மனைவி வலன்ரினாவுடன் சேர்ந்து, காளான் பற்றிய மரபுகளை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்தவர். ஊராட்சி அலுவலர் ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்கி மரியா சபீனா அவரை ஏற்றார். யூன் 29ஆந் திகதி இரவு வாசனும் அவருடன் வந்த புகைப்படக்காரரும் காளான் உண்டனர். 1957 மே 13ஆந் திகதி 'லைஃப்' சஞ்சிகையில் வாசனின் கட்டுரை படங்களுடன் வெளியாயிற்று. ஊரையும் பெண்ணையும் மாற்றுப்பெயரால் மறைத்தே அவர் எழுதினார். எனினும் மறைப்பு நெடுநாள் நிலைக்கவில்லை.

அதே ஆண்டுகளில் மசத்தெக் நாட்டிற் பிறிதொன்றும் நடந்துகொண்டிருந்தது. தாழ்நிலத்தில் மிகுவேல் அலெமான் அணை எழுந்தது. 1955இல் அது நிறைவெய்தியபோது மசத்தெக் மக்களின் விளைநிலங்கள் நீரில் மூழ்கின. 20,000 பேருக்கு மேல் குடிபெயர்க்கப்பட்டனர். மலைமேற் பெண்ணொருத்தி பாடிய இரவு உலகறிந்த செய்தியாயிற்று. மலையடியிற் பல்லாயிரவர் வீடிழந்ததை அறிந்தோர் சிலரே. எது செய்தியாகிறது, எது செய்தியாவதில்லை என்பதை யார் தீர்மானிக்கின்றனர்?

1956இல் வாசன் மீண்டும் சென்ற குழுவில் ஜேம்ஸ் மூர் என்னும் இரசாயனவியலாளர் இருந்தார். மனித மனத்தை அடக்கியாளும் வழிகளைத் தேடி அமெரிக்காவின் மத்திய உளவு ஸ்தாபனம் நடத்திய 'எம்.கே. அல்ட்ரா' திட்டத்துக்காக அவர் வேலை செய்தார். அறநிலையமொன்றின் பெயரில் வந்த பணம் உண்மையில் அந்த ஸ்தாபனத்தினுடையது. இது வாசனுக்குத் தெரியாது. 1970களிலேயே இவ்விரகசியம் வெளிப்பட்டது. நோயாளியின் அச்சத்தைப் போக்கப் பயன்பட்ட ஒன்றை, விசாரணைக் கைதியின் வாயைத் திறக்கும் கருவியாக்க முடியுமா என்று ஏகாதிபத்தியம் பார்த்தது.

பிரான்சியக் காளானியல் அறிஞர் ரொஜே ஹெய்ம் இக்காளான்களை இனங்கண்டு பாரிஸில் வளர்த்தார். சுவிற்சர்லாந்தின் சண்டோஸ் கம்பனியில் வேலைசெய்த அல்பேர்ட் ஹொஃப்மன் 1958இல் அவற்றின் செயற்பொருளைப் பிரித்தெடுத்து 'சைலோசைபின்' எனப் பெயரிட்டார். பின்னர் அதனை ஆய்வுகூடத்திலே ஆக்கியுங் காட்டினார். இது விஞ்ஞானத்தின் பெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை. இப்பொருள் உடலிற் சைலோசினாக மாறி, செரட்டோனின் என்னும் மூளை இரசாயனத்தின் ஏற்பிகளிற் செயற்படுகின்றது என்பதை இன்று அறிவோம். கம்பனி அதற்குக் காப்புரிமை பெற்று, குளிசையாக்கி ஆராய்ச்சியாளருக்கு வழங்கியது. 1962இல் ஹொஃப்மன் தாமே வாவுத்லா சென்று மரியா சபீனாவிடம் அக்குளிசைகளைக் கொடுத்தார். அவற்றை உண்டு இரவு முழுதும் பாடிய அம்மூதாட்டி, காளானின் ஆற்றல் குளிசையிலும் உண்டு, இனிக் காளான் முளைக்காத காலத்திலும் நோயாளிக்கு உதவலாம் என்று மகிழ்ந்தார். நவீன மருந்தை அவர் பகையாகக் கருதவில்லை. அவருக்கு முதன்மையானவர் நோயாளி.

'லைஃப்' கட்டுரையைத் தொடர்ந்து 1960களில் வெளிநாட்டு இளைஞர் கூட்டங்கூட்டமாக மலையேறினர். வந்தவர்களுக்கு நோய் இல்லை, தீர்க்கவேண்டிய கேள்வியும் இல்லை. நோயாளிக்காக இரவில் உண்ணப்பட்ட காளானைப் பகலிலும் தெருவிலும் உண்டு திரிந்தனர். 1969இல் இராணுவம் மலைப்பாதையிற் காவலிட்டு அந்நியரை வெளியேற்றியது. காவல் 1976 வரை நீடித்தது. போதைப்பொருள் விற்றதாக மரியா சபீனாமீது குற்றஞ்சாட்டப்பட்டுப் பொலிசார் அவர் வீட்டிற் புகுந்தனர். அவருடைய கூரைவீடும் எரிக்கப்பட்டது. இரகசியத்தை அந்நியருக்குக் காட்டினார் என்று ஊரவர் சிலர் அவரைப் பழித்தனர். 1970இல் வாசனே தம் செயலின் விளைவையெண்ணி வருந்தி எழுதினார். மசத்தெக் இனத்தவரான அல்வாரோ எஸ்திராதா, மரியா சபீனாவின் வாய்மொழியைக் கேட்டெழுதி 1977இல் நூலாக்கினார். அந்நியர் வந்தபின் புனிதக் குழந்தைகள் தம் வலுவை இழந்துவிட்டன என்று அந்நூலில் அவர் துயருறுகின்றார். அறிந்தவர் நோய் தீர்க்கப் பிறந்தவரேயன்றி அறிவை விற்கப் பிறந்தவரல்லர் என்பதும் அவருடைய கருத்தாகும். 1985இல் அவர் ஏழையாகவே இறந்தார். அவருடைய முகம் அச்சிட்ட சட்டைகள் இன்றும் விலைப்படுகின்றன.

இவ்வாறு கூறுவதனால் அம்மலையில் எல்லாம் நலமாயிருந்தது, அந்நியர் வந்து கெடுத்துவிட்டனர் என்று நாம் முடிவுகட்டக்கூடாது. 1958 யூலையில் மரியா சபீனா நடத்திய ஓர் இரவுச் சிகிச்சையை வாசன் முழுமையாக ஒலிப்பதிவு செய்தார். 1974இல் அது பாடல், மொழிபெயர்ப்பு, இசைக்குறிப்பு ஆகியவற்றுடன் பெருநூலாக வெளிவந்தது. அன்றைய நோயாளி 17 வயது இளைஞன். அவன் பிழைக்கமாட்டான் என்பதே அவ்விரவின் தீர்ப்பு. அதைக் கேட்டு அவன் தளர்ந்து வீழ்ந்தான். சில வாரங்களுள் இறந்தான். அப்பாட்டின் கவித்துவத்தை வியந்தோர் பலர். அவ்விளைஞனின் நோய் என்ன, அதற்கு அம்மலையில் வேறு என்ன உதவி கிடைத்தது என்று வினாவினோர் அரியர். ஆய்வாளரின் ஒலிப்பதிவுக் கருவி ஏறிய மலைக்கு மருத்துவமனையும் ஏறியிருக்கவேண்டும். பாட்டு மரணத்தை முன்கூட்டிச் சொல்லிற்று. தடுக்க அதனால் இயலவில்லை. அச்சத்தையும் தனிமையையும் தணிக்கும் வலிமை இம்மரபுக்கு உண்டு. காசநோயையும் காய்ச்சலையும் வறுமையையும் அதனால் வெல்ல முடியாது.

இதனை மரியா சபீனாவே நன்கு உணர்ந்திருந்தார். ஒருமுறை குடிவெறியன் ஒருவன் சுட்டதில் அவர் உடலிற் குண்டு பாய்ந்தது. இளம் மருத்துவர் ஒருவர் ஊசிமருந்தேற்றி, வலி தெரியாமற் குண்டை அகற்றினார். மரியா சபீனா வியந்தார். தம்மைப் போலவே இவரும் ஒரு பெரும் வைத்தியர் என மதித்து நட்புக்கொண்டார். கைம்மாறாக அவரையும் ஓர் இரவுச் சிகிச்சைக்கு அழைத்தார். இரு மருத்துவங்களும் ஒன்றையொன்று சமமாக மதித்துச் சந்தித்த நிகழ்ச்சி இது. விலையும் காப்புரிமையும் இடையிற் புகவில்லை. நோயுற்றவருக்கு உதவவேண்டும் என்ற ஒரே நோக்கமே இருவரையும் இணைத்தது.

1971இல் ஐக்கிய நாடுகளின் உளத்தாக்கப் பொருள்கள் பற்றிய உடன்படிக்கை சைலோசைபினை மிகக் கடுமையான தடைப்பட்டியலிற் சேர்த்தது. பழங்குடி மக்கள் சடங்குகளிற் பயன்படுத்தும் தாவரங்களுக்கு மெக்சிக்கோ விலக்குக் கோரிப் பெற்றது. ஆராய்ச்சி பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2006இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அதற்குப் புத்துயிர் அளித்தது. 2016இல் அங்கும் நியூயோர்க் பல்கலைக்கழகத்திலும் நடந்த ஆய்வுகளிற் புற்றுநோயாளரின் மனச்சோர்வும் மரணபயமும் தணிந்தமை கண்டறியப்பட்டது. 2023 யூலை முதல், பிற மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வுக்கு இதனைக் கொடுக்க அவுஸ்திரேலியா உளமருத்துவர்களுக்கு அனுமதி வழங்கியது. கடும் உளநோய்க்கு ஆளாகக் கூடியவர்களுக்கு இது தீங்கு செய்யலாம் என்பதனால் ஆய்வாளர் அவர்களை விலக்கியே சிகிச்சையளிக்கின்றனர்.

இச்சிகிச்சையின் முறையை நோக்குங்கள். நோயாளியை முன்கூட்டியே ஆயத்தஞ் செய்கின்றனர். அமைதியான அறையிற் படுக்கவைத்துக் கண்களை மூடுகின்றனர். இசை ஒலிக்கின்றது. பயிற்சிபெற்ற துணைவர் அருகில் இருக்கிறார். மறுநாள் கண்டவற்றைப் பற்றிப் பேசுகின்றனர். மருந்து மட்டும் போதாது, சூழலும் துணையும் வேண்டும் என்று இன்றைய விஞ்ஞானம் எய்திய முடிவு, விளக்கணைத்து விடியும்வரை பாடிய மலைமக்கள் முன்னரே அறிந்த ஒன்றாகும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வாவுத்லாவில் ஏழை ஏழைக்கு வைத்தியஞ் செய்தார். 2020இல் மக்கள் வாக்கெடுப்பாற் சட்டமியற்றி, 2023இற் சேவை தொடங்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரு தடவைச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஆயிரம் டொலருக்கு மேற் செலவாகின்றது. செயற்கைச் சைலோசைபினின் பளிங்கு வடிவமொன்றுக்கு 2019இன் இறுதியிற் கம்பனியொன்று அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அதன் ஆவணங்களில் மசத்தெக் மக்கள் உரிமையாளராக இடம்பெறவில்லை.

உயிரியல் வளங்களின் பயனைப் பகிர்வது பற்றி 2010இல் நகோயா உடன்பாடு உருவாயிற்று. காப்புரிமை கோருவோர் தாம் பயன்படுத்திய மரபறிவின் மூலத்தை வெளியிடவேண்டுமெனக் கூறும் ஒப்பந்தமொன்று 2024 மேயில் உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தில் ஏற்கப்பட்டது. இவை பழங்குடி மக்களும் மூன்றாம் உலக நாடுகளும் நெடுங்காலம் போராடிப் பெற்றவை. வரவேற்கத்தக்கவை. ஆயினும் அவை வருங்காலத்தையே நோக்குகின்றன. கடந்தகாலத்திற் கைமாறிய அறிவுக்குக் கணக்குத் தீர்ப்பனவல்ல.

ஆகவே, தாவர மருத்துவமும் ஷாமன் மரபும் நோய் தீர்க்கும் வழிகளா என்று எம்மிடம் கேட்போருக்கு நாம் இவ்வாறு விடைகூறலாம்: ஆம், ஒரு சமுதாயம் தன் நோயாளியைத் தனியே விடாதபோது அவை வழிகளாகும். அச்சமுதாயத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு விற்பனைக்கு வரும்போது அவை சரக்குகளாகும். மரபின் அறிவை ஆய்வுகூடம் பரிசோதிக்கட்டும்; மெய்யானவை நிலைக்கட்டும், பொய்யானவை கழியட்டும். ஆனால் நிலைத்தவற்றின் பயன் எல்லா மக்களுக்கும் உரியதாதல் வேண்டும். அவற்றை முதலில் அறிந்த மக்களுக்குப் பெயரும் பங்கும் மட்டுமன்றி, அவர்கள் மலையிலே ஒரு மருத்துவமனையும் ஒரு பள்ளிக்கூடமும் கிடைத்தல் வேண்டும். மரியா சபீனா காட்சியிற் கண்ட புத்தகத்தை அவருடைய பேரப்பிள்ளைகள் பகல் வெளிச்சத்தில், தம் சொந்த மொழியில் வாசிக்கும் நாளிலேயே அந்தப் பழைய கடன் தீரத் தொடங்கும்.